துடைக்காத பிளேடு

பிப்ரவரி 2, திங்கள்

காலையில் பனி. ஆட்டையாம்பட்டியில் ஏறியதிலிருந்து சேலம் வரும்வரை பஸ் ஜன்னல் கண்ணாடியை முந்தானையால் துடைத்துக்கொண்டே வந்தேன். துடைத்தும் ஒன்றும் தெரியவில்லை. கைக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

இன்று லேபில் மாமாவின் நுரையீரல் துண்டை வெட்டினோம்.

எழுதிப் பார்த்தால் பகீரென்கிறது. இருபத்து மூன்று வருடமாக அதே மேஜை. ஊர்க்காரர்களின் கட்டியெல்லாம் வந்துபோன மேஜை. இன்று பார்மலின் டப்பாவில் ஒட்டியிருந்த சீட்டில் மாமாவின், என் வீட்டுக்காரரின் பெயர். செங்கோடன், 56, ஆண். சீட்டு எழுதியதும் நான்தான். எழுத்து கோணலாகப் போயிருக்கிறது.

பின்னால் குழம்பாமல் இருக்க:

– குடலிறக்க ஆபரேஷனுக்காக எடுத்த எக்ஸ்ரேயில் தற்செயலாகத் தெரிந்தது. பிறகு ஸ்கேன். பிறகு ஊசி போட்டு எடுத்த துளி. புற்று.
– வலது நுரையீரல், மேல் மடல். இரண்டு செ.மீ.க்கும் குறைவு.
– போன வியாழன் அந்த மடலை எடுத்துவிட்டார்கள். சர்ஜன் சொன்னது: "சின்னதா இருக்கும்போதே புடிச்சுட்டோம்மா. மிச்சம் உங்க லேப் ரிப்போர்ட்லதான்."
– பீடி விட்டுப் பதினோரு வருடம். ஆனால் ஆழ்துளைக் கிணறு போடும் போர் வண்டியில் முப்பது வருடக் கல் தூசி. எதனால் வந்தது என்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

லேபில் ஒரு வழக்கம். சொந்தக்காரர் துண்டு வந்தால் நாம் தொடக் கூடாது, இன்னொருவர் செய்ய வேண்டும். அப்படிப் பார்த்தால் ரேவதி நின்றிருக்க வேண்டும். "அக்கா, நீங்க போயி டீ குடிச்சுட்டு வாங்க. நான் பாத்துக்கறேன்" என்றாள். நான் விடவில்லை. எனக்குப் பின்னால் சேர்ந்தவள், நான் சொல்லிக்கொடுத்த கை. அவள் கை மேல் குறை இல்லை. ஆனாலும் வேறு யாரும் அவரைத் தொட வேண்டாம் என்று ஒரு பிடிவாதம். லேப் டாக்டர் வசந்தி என்னைப் பார்த்தார், ரேவதியைப் பார்த்தார், கையுறை மாட்டினார்.

டாக்டர் வெட்ட, நான் எடுத்துக் கொடுக்க. சுண்டைக்காயை விடக் கொஞ்சம் பெரிசு. வெளுப்பு. இதற்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று கோபம் வந்தது. கை நடுங்கியது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சீக்கிரம் முடித்துவிட்டோம். ஒரே பிளேடில் முடிந்தது. துண்டுகளை வைக்கிற சின்னப் பிளாஸ்டிக் பெட்டி, ஒன்பது கேசட்.

மதியம் டப்பாவில் தக்காளி சாதம். அப்படியே திரும்ப வந்தது.

சாயங்காலம் ஆஸ்பத்திரி. நெஞ்சில் போட்ட குழாயை எடுத்துவிட்டார்கள். "என்ன சாமி, வெட்டியாச்சா?" என்று மாமா கேட்டார், கோழியைக் கேட்பது போல.

வாங்க: கீரை, துவரம்பருப்பு, மாமாவுக்கு முன்பக்கம் பட்டன் வைத்த சட்டை இரண்டு. கையைத் தூக்க முடியவில்லை அவருக்கு.

பிப்ரவரி 3, செவ்வாய்

பனி இல்லை. வெயில் சுள்ளென்று.

எழுதவே கூடாது என்று நினைத்தேன். எழுதாமல் இருக்க முடியவில்லை.

காலையில் மெழுகில் பதித்து, சீவி, சாயம் ஏற்றி, பதினொரு மணிக்கு ஸ்லைடுகள் தயார். நேராக டாக்டர் மேஜையில் கொண்டுபோய் வைக்க வேண்டும். நான் வைக்கவில்லை. முதலில் நானே மைக்ரோஸ்கோப்பில் பார்த்தேன். ஐந்து நிமிடம்கூட இருக்காது.

நான் டாக்டர் இல்லை. ஆனால் இருபத்து மூன்று வருடமாக "மல்லிகா, இங்க வந்து இதப் பாரு" என்று டாக்டர் வசந்தி கூப்பிட்டுக் காட்டியிருக்கிறார். கண்ணுக்குப் பழகிவிட்டது. அரைகுறைப் படிப்புதான். அதுதான் ஆபத்து.

தெளிவாகட்டும் என்று எழுதுகிறேன். ஸ்டேஜ் என்பது எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பது. கிரேடு என்பது அதன் குணம் எப்படி என்பது. இரண்டும் வேறு. நுரையீரலில் இந்த வகைக்கு செல்கள் அடுக்கியிருக்கிற விதத்தைப் பார்த்துக் குணம் சொல்வார்கள். காற்றுப்பைகளின் சுவரை ஒட்டிப் படர்ந்திருந்தால் சாது. வளையம் வளையமாக இருந்தால் நடுத்தரம். கட்டியாக அடைத்துக்கொண்டோ சின்னச் சின்னக் கொத்தாகவோ இருந்தால் முரடு. முரடு ஐந்தில் ஒரு பங்குக்கு வந்துவிட்டாலே மூன்றாம் கிரேடு, மற்றது எவ்வளவு சாதுவாக இருந்தாலும்.

மாமாவுடையதில் சுவரோரப் படர்ச்சி நிறைய இருந்தது. வளையம் கொஞ்சம். மனசு லேசானது. ஒன்றாம் கிரேடு என்று நானே மார்க் போட்டுவிட்டேன்.

நான்காம் நம்பர் ஸ்லைடு. கட்டியின் விளிம்பைத் தாண்டி, நல்ல நுரையீரல் பகுதி. காற்றுப்பைகளுக்குள் செல் கொத்துகள். மிதந்துகொண்டு. ஒன்று, இரண்டு, ஐந்து. அதற்கு மேல் எண்ணவில்லை.

கட்டியிலிருந்து கழன்று காற்று வழியாகவே பக்கத்துக்குத் தாவியிருக்கிறது என்று அர்த்தம். ஸ்டேஜ் ஒன்றாக இருந்தாலும் இது இருந்தால் திரும்பி வரும் வாய்ப்பு கூடுதல். டாக்டர்தான் சொல்லித்தந்தார், வேறு யாருடைய ஸ்லைடையோ காட்டி. அன்று "அய்யோ பாவம்" என்று சொல்லிவிட்டு டிபன் டப்பாவைத் திறந்தேன்.

ஸ்லைடுகளை டாக்டர் மேஜையில் வைத்தேன். கை கழுவினேன். இரண்டு முறை.

கேஸ் சிலிண்டர் புக் பண்ணியாயிற்று.

பிப்ரவரி 4, புதன்

மாமா வீட்டுக்கு வந்தாயிற்று. வேன் ஒவ்வொரு வேகத்தடையிலும் ஏறி இறங்க, அவர் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "ரிக்கு வண்டில மெட்ராஸ் வரைக்கும் போனவனுக்கு இது ஒரு ரோடா" என்று வீராப்பு. முகமெல்லாம் வேர்வை.

மூச்சுப் பயிற்சிக்கு ஒரு பொம்மை கொடுத்திருக்கிறார்கள். மூன்று குழாய், மூன்று பந்து. வாயில் வைத்து உறிஞ்சினால் பந்து மேலே ஏற வேண்டும். ஒரு பந்து ஏறினாலே பெரிய விஷயம் இப்போது.

"கம்ப்ரசர் ஏர் பத்தல" என்றார், மூச்சு வாங்க.

இனி தினமும் குறிக்கிறேன். பந்து: 1.

நங்கையா வந்திருக்கிறார். மாமாவின் அக்கா. பழநி போய்வந்த பஞ்சாமிர்தம், ஒரு பை கொய்யா, கேள்விகள்.

"ஏங்கண்ணு, எத்தனாவது ஸ்டேஜாமா?"

"ஸ்கேன்ல பாத்தவரைக்கும் ஒண்ணுங்க நங்கையா."

"ஒண்ணுன்னா நல்லதுதான?"

"நல்லதுங்க."

"அப்பறம் கிரேடுன்னு ஒண்ணு இருக்குதாமா? எங்கூட்டுப் பையன் செல்லுல பாத்துட்டுச் சொன்னான். அது எத்தனையாமா?"

ரிப்போர்ட் வரவில்லை என்றேன். அது உண்மை. உண்மையைச் சொல்லியும் பொய் சொன்ன மாதிரி இருந்தது.

"உனக்கென்ன, லேப்புக்காரி. வெளிய வாரதுக்கு முன்னாலயே உனக்குத் தெரிஞ்சுருமில்ல" என்றார். மாமா என்னைப் பார்த்தார். நான் கொய்யாவைக் கழுவப் போனேன்.

பிப்ரவரி 5, வியாழன்

லேபில் கூட்டம். வேலை நிறைய இருந்தது நல்லதாகப் போயிற்று.

டாக்டர் மேஜையில் மாமாவின் ஸ்லைடுகள் அப்படியே. மேலே ஒரு காகிதம். துடைக்கப் போன சாக்கில் பார்த்தேன். 1 முதல் 9 வரை வரிசையாக நம்பர், பக்கத்தில் டாக்டரின் கிறுக்கல். 4-க்குப் பக்கத்தில் பென்சிலில் ஒரு கேள்விக்குறி. அழுத்திப் போட்ட கேள்விக்குறி.

ஆக, அவரும் பார்த்துவிட்டார்.

டாக்டர் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால், நீ எப்படிப் பார்த்தாய் என்று வரும். காபி எடுத்துக்கொண்டு போனேன். "சாருக்கு எப்படியிருக்கு?" "பரவால்லைங்க மேடம்." "மூச்சுப் பயிற்சி பண்றாரா?" "பண்றாருங்க." இவ்வளவுதான் பேச்சு.

ரேவதியிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்தேன். மெழுகு சூடு சரியில்லை என்று. சரியாகத்தான் இருந்தது.

பயமாக இருக்கிறது. இதில் சுற்றி வளைக்க ஒன்றுமில்லை. கல்யாணமான நாளிலிருந்து பாதி வருடம் ஆந்திரா, மத்தியப் பிரதேசம் என்று போர் வண்டியோடு போய்விடுவார். நான் தனியாகவே இருந்து பழகியவள். இப்போதுதான் இரண்டு வருடமாக உள்ளூர் வண்டியில் வேலை பார்த்துக்கொண்டு தினமும் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வருகிறார். குழம்பில் உப்பு கம்மி என்று சொல்ல ஆள் இருக்கிறது. அது பழகிவிட்டது. அதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

சாயங்காலம் மாமா: "ரிப்போர்ட்டு வந்துருச்சா?"

"இல்லீங்க மாமா."

"வந்தா நீ மறைக்க மாட்டதான?"

"மாட்டங்க."

பந்து: 1. இரண்டாவது கொஞ்சம் அசைந்தது. அசைந்ததை எண்ணலாமா என்று அவர் கேட்டார். கூடாது என்றேன்.

பிப்ரவரி 6, வெள்ளி

மதியத்துக்கு மேல் லீவு. தையல் பிரிக்க உள்ளூர் நர்ஸ் வந்து போனாள். வெயிலில் நாற்காலி போட்டு மாமா வாசலில்.

இரண்டு தோட்டங்காடு தள்ளி யாரோ போர் போடுகிறார்கள். காற்றில் வெள்ளைத் தூசி தெரிகிறது. உள்ளே வாருங்கள் என்று கத்தினேன். "காத்து நம்ம பக்கமில்ல, அக்கட்டால அடிக்குது புள்ள" என்று உட்கார்ந்திருக்கிறார். சத்தத்தை வைத்தே சொல்கிறார், இப்போது துளையிடும் ராடு மாற்றுகிறான், இப்போது கல் இறுகிவிட்டது என்று. ரேடியோ கேட்கிற மாதிரி முகம்.

மோர் கொண்டுபோய்க் கொடுத்தேன். அப்போது நடந்த பேச்சை அப்படியே எழுதுகிறேன்.

"ஏஞ்சாமி, என்ற துண்ட எப்படித்தான் பாக்கறீங்க? நாங்க மண்ணு பாக்கற மாதிரியா?"

"நீங்க எப்படிங்க பாப்பீங்க?"

"ராடுக்கு ஒரு குமி. உள்ளார இருந்து வாரத ஒரு புடி அள்ளி வரிசையா கொட்டி வெச்சுருவோம். பாத்தாத் தெரியும். இத்தன அடி வரைக்கும் செம்மண்ணு, அப்பறம் பொடிஞ்ச ஒடக்கல்லு, அப்பறம் கருங்கல்லு."

"எங்களுதும் அப்படித்தானுங்க. ஒம்பது குமி வெச்சிருக்குது உங்களுக்கு."

சிரித்தார். சிரித்தால் தையல் பிரித்த இடம் இழுக்கும், அதனால் பாதியில் நிறுத்தினார். பிறகு சொன்னார்:

"ஆனா குமிய அப்படியே நம்பிறக் கூடாது. மேல்மண்ணு சரிஞ்சு தொளைக்குள்ளார உழுகும். கம்ப்ரசர் காத்து அதையுஞ் சேத்தி வெளிய தள்ளும். பனமரத்துப்பட்டில ஒருத்தரு, நானூறு அடில செம்மண்ணு வருதேன்னு பதறிட்டாரு. கீழயும் மண்ணுதான், இன்னம் பைப்பு எறக்குன்னு ஒரே புடியா நிக்கறாரு. நாஞ்சொன்னேன், அது கீழ இருக்கறதில்லீங்க, மேல இருந்து நாம இழுத்துட்டுப் போனதுங்க. தொளைய நல்லா ஊதிச் சுத்தம் பண்ணிட்டு மறுக்கா ஒரு புடி எடுங்கன்னேன். எடுத்தா சுத்தமான கருங்கல்லு."

"நாம இழுத்துட்டுப் போனதா?"

"ஆமா. தொளை பொய் சொல்லாது. நம்ம கைதான்."

மோர் டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே வந்து, அடுப்படியில் அப்படியே நின்றேன்.

திங்கட்கிழமை மேஜை. டாக்டர் முதலில் கட்டியைக் குறுக்கே வெட்டினார். அடுத்து அதே கையோடு பக்கத்து நல்ல நுரையீரலில் இறக்கினார். இரண்டுக்கும் நடுவில் பிளேடை வாங்கி ஈரத்துணியில் துடைத்துக் கொடுப்பது என் வேலை. இல்லையென்றால் புதுசு மாட்டிக் கொடுப்பது. இருபத்து மூன்று வருடத்தில் யாருக்கும் தவறியதில்லை. அன்று செய்தேனா?

இந்த நோட்டைத் திருப்பிப் பார்த்தேன். நானே எழுதியிருக்கிறேன். "ஒரே பிளேடில் முடிந்தது." ஏதோ சாமர்த்தியம் செய்துவிட்ட மாதிரி.

பிளேடில் ஒட்டிய செல்களை அடுத்த வெட்டு நல்ல இடத்துக்கு இழுத்துக்கொண்டு போயிருக்கலாம். மிதந்த கொத்துகள் அவர் நெஞ்சுக்குள் மிதந்தவையா, எங்கள் மேஜையில் மிதந்தவையா?

தெரியவில்லை. ஆசை அப்படி நினைக்கச் சொல்கிறதா என்றும் தெரியவில்லை.

பந்து: 2! எழுத மறந்துவிட்டேன் பார்.

பிப்ரவரி 7, சனி

பஸ்ஸில் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். டாக்டர் அறைக்குள் போனதும் ஒன்றும் ஞாபகம் இல்லை.

"மேடம், நான் ரெண்டு தப்புப் பண்ணிட்டேன்."

முதலில் ஸ்லைடைப் பார்த்ததையும், நானே ஒன்றாம் கிரேடு போட்டதையும் சொன்னேன். பிறகு பிளேடு. டாக்டர் கண்ணாடியைக் கழற்றிக் கீழே வைத்தார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் லேபே அமைதியாகிவிடும்.

"நீ பார்த்தது தப்பு. பார்த்துட்டு நாலு நாளா அத வயித்துல கட்டிக்கிட்டு திரிஞ்சது அதவிடத் தப்பு. என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்ல?"

அழுகை வந்துவிட்டது. அதற்கும் திட்டு.

பிறகு நான்காம் ஸ்லைடை வைத்து, இரண்டு பேர் பார்க்கிற மைக்ரோஸ்கோப்பில் என்னையும் உட்காரவைத்தார். "நான் கேள்விக்குறி போட்டது ஏன் தெரியுமா? இந்தக் கொத்துங்க எல்லாம் ஒரே பக்கமா, துண்டோட ஓரத்துலயே கெடக்கு. விளிம்பு பிசிறா இருக்கு. தானாப் பரவினா கட்டிய ஒட்டி ஆரம்பிச்சு வரிசையாப் போகும். எனக்கும் சந்தேகம்தான். ஆனா சந்தேகத்த வெச்சு ரிப்போர்ட் எழுத முடியாது."

"நான்தாங்க மேடம் பிளேடு மாத்தல."

"இப்ப உனக்கு அப்படித் தோணுது. உனக்கு வேண்டிய மாதிரி ஞாபகம் வரும், மல்லிகா. யாருக்கும் வரும்."

நோட்டை எடுத்துத் திங்கட்கிழமைப் பக்கத்தை நீட்டினேன். ஸ்லைடைப் பார்ப்பதற்கு முந்தின நாளே எழுதியது. வெட்கமாகத்தான் இருந்தது. சுண்டைக்காய், தக்காளி சாதம் எல்லாம் படித்தார். உதடு கொஞ்சம் சிரித்தது.

"சரி. ஆனா நோட்டுல எழுதினது ஸ்லைடு ஆகாது. மிச்சத் துண்டு டப்பாவுல இருக்கு. மறுபடி எடுப்போம்."

இந்த முறை நல்ல நுரையீரல் பக்கத்திலிருந்து தொடங்கிக் கட்டியை நோக்கி வெட்டு. ஒவ்வொரு வெட்டுக்கும் புது பிளேடு. மேஜையில் ரேவதி.

நான் கதவுக்கு வெளியே. டாக்டர் சொல்லவில்லை, நானாகத்தான் வெளியே வந்தேன்.

அவள் பிளேடு மாற்றும் சத்தம் கேட்டது. ஆறு முறை. எண்ணினேன். வெளியே வந்ததும், "ரேவதி, அன்னைக்கு மெழுகு சூடு சரியாத்தான் இருந்துச்சு" என்றேன். "தெரியுங்கக்கா" என்றாள்.

பந்து: 2.

பிப்ரவரி 8, ஞாயிறு

லேப் லீவு. டப்பாவில் துண்டுகள் ஊறிக்கொண்டிருக்கின்றன, இங்கே நானும்.

நங்கையா நாட்டுக்கோழி அடித்துக் குழம்பு வைத்தார். மாமா இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார். ஆபரேஷனுக்குப் பிறகு முதல் முறை. "உப்பு கம்மி" என்றார். நங்கையாவுக்குக் கோபம். எனக்குக் கண்ணில் தண்ணீர். வெங்காயம் என்றேன், வெங்காயமெல்லாம் காலையிலேயே உரித்து முடித்தாயிற்று.

துணி துவைத்தது, பரணில் எலி, கரண்ட் இரண்டு மணி நேரம் இல்லை.

பக்கத்துக் காட்டு போரில் நேற்று தண்ணீர் வந்துவிட்டதாம். இனிப்புக் கொடுத்தார்கள்.

பந்து: 2. மூன்றாவது அசைந்தது. எண்ணவில்லை.

பிப்ரவரி 9, திங்கள்

லேசான பனி. பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. நல்ல சகுனம் என்று நினைத்துக்கொண்டேன். இந்தப் படிப்புக்கு இது ஒரு நினைப்பு.

மெழுகு, சீவல், சாயம், எல்லாம் ரேவதி. அந்தப் பக்கமே போகவில்லை. நாமக்கல்லிலிருந்து வந்த பித்தப்பை மூன்று, கர்ப்பப்பை ஒன்று. ஒவ்வொன்றுக்கும் பிளேடைத் துடைத்துத் துடைத்து, டாக்டர் "போதும்மா, தேய்ஞ்சுறப் போகுது" என்றார்.

பன்னிரண்டரைக்கு ஸ்லைடு உள்ளே போனது. நடையில் பெஞ்ச். ஊர் ஜனங்கள் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்கிற பெஞ்ச். இத்தனை வருடத்தில் நான் உட்கார்ந்ததே இல்லை. பலகை ஒரு பக்கம் ஆடுகிறது. யாரிடமும் சொல்லாமல் எத்தனை பேர் இதில் ஆடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களோ. பக்கத்தில் ராசிபுரத்து அம்மா ஒருத்தி, மகளின் ரிப்போர்ட்டுக்கு. "உங்களுக்கு யாருக்குங்க?" என்றாள். "எங்கூட்டுக்காரருக்குங்க" என்றேன். என் முந்தானையில் லேப் அடையாள அட்டை தொங்குவதைப் பார்த்துவிட்டு ஒன்றும் புரியாமல் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஒன்று பத்துக்கு உள்ளேயிருந்து: "மல்லிகா!"

இரண்டு பேர் பார்க்கிற மைக்ரோஸ்கோப். ஆறு ஸ்லைடு. கட்டியின் விளிம்பு, அதைத் தாண்டி நல்ல நுரையீரல். காற்றுப்பைகள். காலி. அடுத்தது. காலி. டாக்டர் மெதுவாக நகர்த்திக்கொண்டே போனார். அவ்வளவு அழகான காலி இடத்தை என் வாழ்நாளில் பார்த்ததில்லை.

"கத்தி இழுத்ததுதான்" என்றார். பிறகு, "ஆனா நீ போட்ட ஒண்ணாம் கிரேடு தப்பு. எல்லாத்தையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தேன். வளையம்தான் ஜாஸ்தி. முரடு ரொம்பக் கொஞ்சம். ரெண்டாம் கிரேடு."

ஒரு நிமிடம் ஏமாற்றம். பிறகு என் மேலேயே கோபம். போன வெள்ளிக்கிழமை இதைக் கொடுத்திருந்தால் காலில் விழுந்திருப்பேன்.

நான் செய்ததை டாக்டர் லேப் பதிவேட்டில் எழுதினார். யார், என்ன, எப்படி சரிசெய்தோம் என்று. கீழே கையெழுத்துப் போட்டேன். இந்த முறை கோணலில்லை.

வெளியே வந்தபோது ராசிபுரத்து அம்மா, "நல்லதாங்க?" என்றாள். தலையை ஆட்டினேன். அவள் மகளுக்கும் நல்லதாக இருக்க வேண்டும். பெயர் கேட்க மறந்துவிட்டேன்.

பிப்ரவரி 10, செவ்வாய்

புற்றுநோய் டாக்டரைப் பார்க்க சேலம். மாமா புது சட்டை. பஸ் வேண்டாம் என்று கார். முன் சீட்டில் உட்கார்ந்து டிரைவருக்கு வழி சொல்லிக்கொண்டே வந்தார், டிரைவர் அந்த ஊர்க்காரனேதான்.

டாக்டர் ரிப்போர்ட்டைப் படித்துச் சொன்னது:

– ஸ்டேஜ் 1. கிரேடு 2.
– வெட்டிய விளிம்பில் இல்லை. நெறிக்கட்டிகளில் இல்லை.
– காற்று வழிப் பரவல் காணப்படவில்லை.
– மருந்து இப்போதைக்கு வேண்டாம். ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஸ்கேன்.

"நல்ல ரிப்போர்ட். ஆனா செக்கப்ப விட்டுறக் கூடாது" என்றார்.

மாமா: "மூணுல ரெண்டுங்களா? பாஸ்தானுங்களே?"

டாக்டரே சிரித்துவிட்டார்.

திரும்பும்போது கரும்புச் சாறு. ஐஸ் வேண்டாம் என்று நான் சொல்ல, போடு என்று அவர் சொல்ல, கடைக்காரர் என் பேச்சைக் கேட்டார்.

பந்து: குறிக்கவில்லை. அசதி, இருவரும் தூங்கிவிட்டோம்.

பிப்ரவரி 11, புதன்

காலையில் அவர் கேட்டார். ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, தலைகீழாக.

"இதுல, திரும்ப வராதுன்னு எழுதியிருக்குதா?"

"இல்லீங்க மாமா. அப்படி யாரும் எழுத மாட்டாங்க."

"அப்பறம்?"

"வாரதுக்கு வாய்ப்புக் கம்மின்னு அர்த்தம். அவ்வளவுதானுங்க சொல்ல முடியும்."

ரிப்போர்ட்டை நேராகத் திருப்பினார்.

"சரி, போ. தண்ணி வரும்னு நான் இதுவரைக்கும் ஒருத்தருக்காச்சும் எழுதிக் குடுத்திருக்கறனா? மண்ணப் பாத்துட்டு, இன்னம் போர் ஓட்டலாமுங்கன்னுதான் சொல்லுவேன். அதையே நம்பி ஊட்டுப் பொம்பளைங்க தேங்கா ஒடைப்பாங்க."

அப்போதுதான் பிளேடு கதையைச் சொன்னேன். எல்லாம். எட்டிப் பார்த்தது, பயந்தது, அவருடைய பனமரத்துப்பட்டிக் கதை, பதிவேட்டில் கையெழுத்து. திட்டுவார் என்று காத்திருந்தேன். ரிப்போர்ட்டை மடித்தார்.

"கை நடுங்குதுன்னு தெரியுது. அப்பறம் எதுக்கு அங்க நின்ன?"

"உங்கள வேற யாரும் வெட்ட வேண்டாம்னுதானுங்க."

பொம்மையை எடுத்து வாயில் வைத்தார். ஒன்று. இரண்டு. மூன்று. மூன்றாவது பந்து உச்சியில் தட்டி நின்று, நாங்கள் இருவரும் அதையே பார்த்து, பிறகு இறங்கியது. கண்ணில் தண்ணீரோடு இருமினார்.

"அடுத்த ஸ்கேனுக்கு," என்றார் மூச்சு திரும்பியதும், "நீ வெளிய உக்காரு, சாமி. நான் வந்து சொல்றேன்."

சரிங்க என்றேன்.

பந்து: 3.

ஆகஸ்டில் ஸ்கேன். நான் வெளியே, பெஞ்சில்.